குளிர்நாட்டுத் தொட்டியில் ஒத்து வாழும் மீன்கள்

கொழும்பிலே கடையொன்றில் மீன் வாங்கி, அதனை நீரும் காற்றும் நிரப்பிய பிளாஸ்டிக் பையிலே இட்டு, புகைவண்டியேறித் தலவாக்கலைக்குக் கொண்டுவருவோர் பலர். பிள்ளைகள் ஆவலோடு காத்திருப்பர். கண்ணாடித் தொட்டியும் மணலும் கூழாங்கற்களும் ஆயத்தமாயிருக்கும். பை அவிழ்க்கப்படும்; மீன்கள் தொட்டியில் விடப்படும். மூன்றாம் நாள் அவற்றின் உடம்பிலே உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும். ஒரு வாரத்துக்குள் தொட்டி வெறுமையாகிவிடும். தண்ணீர் கூடாது என்பார் ஒருவர். கடைக்காரர் நோயுற்ற மீனை விற்றுவிட்டார் என்பார் இன்னொருவர். வீட்டுக்கு மீன் ராசியில்லை என்று முடிவு கட்டுவாரும் உளர். உண்மையிலே நிகழ்ந்தது யாதெனின், ஒன்றோடொன்று பொருந்தாத மீன்கள், அவை பிறந்த இடத்தோடு எவ்வகையிலும் பொருந்தாத ஓரிடத்தில், ஒரே நாளிற் குடியேற்றப்பட்டன என்பதுதான்.

மீன் தொட்டியிலே பொருத்தம் என்றவுடன், எந்த மீன் எந்த மீனைக் கடிக்கும் என்பதையே பலரும் எண்ணுகின்றனர். கடிப்பது பிறகு. முதலிலே பார்க்கவேண்டியது மீனுக்கும் ஊருக்கும் உள்ள பொருத்தம். சமவெளியில் வாழ்வோருக்கு இக்கேள்வி பெரிதாக எழுவதில்லை. மலைநாட்டவர்க்கோ இதுவே தலையாய கேள்வி.

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகைக்குச் சற்று அதிகமாகவே குறையும் என்பது பொதுவிதி. கொழும்பில் ஆண்டு முழுவதும் 27 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும் வெப்பநிலை, இங்கே சராசரியாகப் பதினெட்டுப் பாகை அளவுக்கு இறங்கிவிடுகின்றது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் இதனினும் கடுமையானது. வீட்டினுள்ளே வைத்த தொட்டியின் நீரும் சில மணிநேரம் பின்தங்கியேனும் இந்த ஏற்றத் தாழ்வைப் பின்பற்றியே தீரும். சிறிய தொட்டி விரைவாகக் குளிரும். பெரிய தொட்டி மெதுவாகக் குளிரும். அவ்வளவே வேறுபாடு.

மனிதன் குளிர்ந்தாற் கம்பளி போர்த்துக்கொள்கிறான். அவன் உடம்பும் உள்ளிருந்து வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. தொட்டியில் வளர்க்கும் மீனுக்கு அவ்வாற்றல் இல்லை. சூழ்ந்துள்ள நீரின் வெப்பம் எவ்வளவோ அவ்வளவே அதன் உடம்பின் வெப்பம். நீர் குளிர்ந்தால் மீனின் செரிமானம் மந்தமாகும், நடமாட்டம் குறையும், நோயை எதிர்க்கும் வலிமையும் தளர்ந்துவிடும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் இத்தகைய தளர்ந்த மீனையே எளிதிற் பற்றிக்கொள்கின்றது. அமேசன் ஆற்றுப் படுகையிலிருந்து வந்த ஏஞ்சல் மீன் 24 முதல் 28 பாகை வரையுள்ள நீரிலே செழிப்பது. சீயம் நாட்டுச் சண்டை மீனும் அத்தகையதே. இவற்றைப் பதினாறு பாகை நீரிலே விடுவது, கோடைத் துணியோடு ஒருவரை நுவரெலியாவின் பனிக்காலத்தில் வெளியே நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

மின்சாரத்தால் நீரைச் சூடாக்கும் கருவி உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 54 லீற்றர் நீர் கொள்ளும். பதினாறு பாகையில் நிற்கும் அந்நீரை இருபத்து நான்குக்கு உயர்த்தி இரவு பகலாக அங்கேயே நிறுத்துவதற்கு 100 வாற்று வலுவுள்ள கருவி தேவைப்படும். தொட்டிக்கு மூடியிட்டு, பின்புறத்திலும் அடியிலும் ரெஜிபோம் பலகை வைத்தால் மின்செலவு சற்றுக் குறையும். ஆயினும் மின்சாரம் நின்றுவிட்டால் என் செய்வது? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அத்தகைய நாளில் மலைநாட்டுத் தொட்டியின் நீர் படிப்படியாக அறையின் குளிருக்கே இறங்கிவிடும். மின்சாரம் மீண்டதும் மறுபடி ஏறும். இவ்வாறு ஏறி இறங்குவது, ஒரே சீரான குளிரைவிட மீனுக்குக் கொடியது. 2012ஆம் ஆண்டு முதல் 150 மெகாவாற்று மின்சாரத்தை நாட்டுக்கு வழங்கிவரும் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணைக்கட்டு தலவாக்கலையிலேயே இருக்கின்றது. அணை அருகில் இருப்பதால் ஊருக்கு விளக்கு அணையாது என்பதில்லை.

ஆதலின், கருவியை நம்பி மீனைத் தேர்வதைவிட, ஊரின் இயல்பை நம்பி மீனைத் தேர்வதே மலைநாட்டவர்க்கு உகந்த வழி. குளிரைத் தாங்கும் மீன்கள் என்றால் தங்கமீன் ஒன்றுதான் என்று எண்ணுதல் தவறு. சீனாவில் குவாங்சோ நகரருகே வெண்முகில் மலை என்றொரு மலை உண்டு. அதன் ஓடைகளில் வாழ்ந்த ஒரு சிறு மீனை டான் என்னும் சாரணர் தலைவர் ஒருவர் கண்டெடுத்தார். 1932ஆம் ஆண்டில் அது அறிவியலுலகுக்கு அறிமுகமாயிற்று; அதன் விலங்கியற் பெயரிலே அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. நான்கு சென்ரிமீற்றர் நீளமே உள்ள இம்மீன் பதினான்கு முதல் இருபத்திரண்டு பாகை வரையுள்ள நீரை விரும்புவது. பக்கவாட்டில் ஒரு பொற்கோடும், வாலடியில் ஒரு செம்பொட்டும் உடையது. கொழும்பின் வெப்பத்தில் வாடும் இம்மீனுக்குத் தலவாக்கலை தாய்வீடு போன்றது. மலையிலே பிறந்ததை மலையிலே வளர்ப்பது என்பதில் ஓர் இசைவு இருக்கத்தான் செய்கின்றது.

கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த வரிக்குதிரை மீனும் இவ்வூருக்கு ஏற்றது. நீலமும் வெண்பொன்னும் மாறிமாறி வரும் கோடுகளால் அதற்கு அப்பெயர் வந்தது. பதினெட்டுப் பாகையிலும் அது சுறுசுறுப்புக் குன்றாது நீந்தும். வட இந்தியாவைச் சேர்ந்த இளஞ்சிவப்புக் கெண்டை இன்னொன்று. ஆண்மீன் இனம்பெருக்கும் காலத்திலே செம்பு நிறம் கொண்டு ஒளிரும். இவ்விரு மீன்களையும் 1822ஆம் ஆண்டிலே கங்கையாற்று மீன்களைப் பற்றி நூலெழுதிய ஹமில்ற்றன் என்பவர் முதன்முதல் விவரித்தார். தொட்டியின் அடித்தளத்துக்குத் தென்னமெரிக்காவின் புள்ளிக் கவச மீன் உண்டு. டார்வின் தமது பீகிள் கப்பற் பயணத்திலே சேகரித்துவந்த மீன்களுள் இதுவும் ஒன்று. கீழ் உதட்டருகே சிறு மீசைகளோடு மணலைத் துழாவித் திரியும் இம்மீன், வெம்மையான நாடொன்றின் மீன் என்று எண்ணத் தோன்றினும், அங்கே குளிர்ந்த தென்பகுதி ஆறுகளுக்கு உரியது. பதினெட்டுப் பாகை அதற்குத் துன்பம் அன்று.

தங்கமீனுக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனர் வளர்த்துப் பண்படுத்திய இம்மீன் குளிரை எளிதிற் பொறுக்கும் என்பது மெய். ஆயினும் சிறு தொட்டிக்கு இது பொருந்தாது. கடையிலே சுண்டுவிரல் அளவாக இருக்கும் நீண்ட வால் தங்கமீன், நன்கு வளர்க்கப்பட்டால் இருபது, முப்பது சென்ரிமீற்றர் வரை வளரும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். உருண்டை உடம்பும் இரட்டை வாலும் கொண்ட வகைகள் அவ்வளவு நீளம் வளர்வதில்லை; எனினும் இரண்டு மீன்களுக்கு நூறு லீற்றராவது வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்திலே ஒற்றைத் தங்கமீனைச் சுற்றிச் சுற்றி வரவிட்டு மேசைமேல் அழகுக்கு வைக்கும் வழக்கத்தை எவ்வாறு நியாயப்படுத்தினும் அது கொடுமையே. மேலும், தங்கமீன் வாயிற் கொள்ளும் எதனையும் விழுங்கிப் பார்க்கும் இயல்புடையது. வளர்ந்த தங்கமீனோடு நான்கு சென்ரிமீற்றர் வெண்முகில் மீனை விட்டால், ஒரு காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கக் காணலாம். ஒரே தொட்டியில் நீண்ட வால் தங்கமீனையும் உருண்டை வகைத் தங்கமீனையும் சேர்ப்பதும் நன்றன்று. விரைந்து நீந்துவது உணவை முழுவதும் கொண்டுபோக, தத்தித் தத்தி வருவது பட்டினி கிடக்கும். இரண்டும் ஒரே இனந்தான். ஒரே இனம் என்பதாலேயே ஒற்றுமை வந்துவிடாது.

இனி நீரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். மலைநாட்டு நீர் மெல்லிய நீர். கல்சியம் முதலிய கனியங்கள் அதிலே மிகக் குறைவு. பாறை இடுக்கில் ஊறிப் பீலியாய் வழியும் நீரிலே சவர்க்காரம் எளிதாக நுரைப்பதே அதற்குச் சான்று. குளோரின் கலந்த நகரத்துக் குழாய் நீரைப் போலன்றி, இதனை ஒருநாள் திறந்து வைத்து நஞ்சு போக்கவேண்டிய தேவையும் இல்லை. மேலே கூறிய வெண்முகில் மீனும் கெண்டைகளும் இந்நீரிலே குறைவின்றி வாழும். கப்பி மீன், மொலி மீன் போன்ற குட்டியீனும் மீன்களோ கனியம் மிக்க வன்னீரை விரும்புபவை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீரிலே பெருகிக் குவியும் கப்பி, தலவாக்கலையிலே துடுப்பு ஒடுங்கி ஆடி ஆடி நீந்துவதைக் காண்போர், அது குளிரால் மட்டும் வந்தது என்று எண்ணக்கூடாது. நீரின் மென்மையும் ஒரு காரணம். கப்பி வளர்த்தே தீர்வோம் என்பார் தொட்டியிலே சிறிது சிப்பி ஓடோ சுண்ணாம்புக் கல்லோ இட்டு, நீரை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு செய்த நீர் நியான் மீனுக்கு ஒவ்வாது. அது மெல்லிய நீருக்கே உரியது. கடையிலே இவ்விரண்டும் அடுத்தடுத்த தொட்டிகளில் இருப்பதனால் வீட்டிலே ஒரே தொட்டியில் இருக்கலாம் என்றாகாது.

மெல்லிய நீருக்கு இன்னொரு கேடு உண்டு. அதனைத் தோட்டத்து மக்கள் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். 1946ஆம் ஆண்டிலே இலங்கைத் தேயிலையிற் கொப்புள நோய் காணப்பட்டது. இளந்தளிரைத் தாக்கும் அப்பூஞ்சை நோயைத் தடுக்கச் செம்புச் சேர்க்கைகளைத் தெளிக்கும் வழக்கம் அதன்பின் பரவியது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்நோயை ஆராய்ந்து வந்துள்ளது. தேயிலைக்கு மருந்தாகும் செம்பு மீனுக்கு நஞ்சு. வன்னீரிலே கல்சியம் செம்பின் வேகத்தை ஓரளவு தடுக்கும்; மெல்லிய நீரிலே அத்தடை இல்லை. ஒரு லீற்றர் நீரிலே ஒரு மில்லிகிராமிற் பத்திலொரு பங்குக்கும் குறைந்த செம்பே மென்மையான மீன்களின் பூக்களைச் சிதைத்துக் கொன்றுவிடப் போதும். ஆதலால் மலையிலே மருந்தடித்த பின் பெய்த மழையில், தேயிலைக் கான்களின் வழியே இறங்கிவரும் நீரை எக்காரணம் கொண்டும் தொட்டிக்கு எடுக்கலாகாது. களைகொல்லி தெளித்த காலத்துக்கும் இவ்விதியே. தேயிலை மலைக்கு மேலே, காட்டின் ஓரத்தில் ஊறும் பீலியே நம்பத்தக்கது. அந்நீரைச் செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ இராமுழுவதும் வைத்துப் பின் தொட்டியில் ஊற்றுவதும் தவறு. பிளாஸ்டிக் வாளியே போதுமானது. ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்திய மீன்களைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த ஒரு பிழை ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

குளிருக்கு ஒரு நன்மையும் உண்டு. குளிர்ந்த நீர் ஒட்சிசனை மிகுதியாகக் கரைத்துவைத்துக்கொள்ளும். கடல்மட்டத்திலே 28 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 18 பாகையிலே அது 9.5 மில்லிகிராம் ஆகும். மலையிலே காற்றழுத்தம் குறைவாதலின் இந்த அளவு எட்டுக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். எனினும் கொழும்புத் தொட்டியைவிடக் குறையாது. மின்சாரம் நின்று காற்றுப்பம்பி ஓய்ந்த வேளையிலும் குளிர்நாட்டு மீன் சிலமணிநேரம் மூச்சுத் திணறாமல் இருப்பதன் காரணம் இதுவே.

ஊரும் நீரும் பொருந்தியபின் மீனுக்கும் மீனுக்கும் உள்ள பொருத்தம் வருகின்றது. இங்கே முதல் விதி, ஒன்றன் வாய்க்குள் மற்றொன்று நுழையக்கூடாது என்பதே. ஏஞ்சல் மீனும் நியான் மீனும் ஒரே பெருநதிப் படுகையிலே பிறந்தவை. ஒரே வெப்பத்தையும் ஒரே நீரையும் விரும்புபவை. எல்லாப் பொருத்தமும் இருக்கின்றன. ஆயினும் வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியான் ஒரு கவளமே. இன்று இரண்டும் சிறியவை என்பதைப் பார்க்காமல், ஓராண்டு கழிந்தபின் எவ்வளவினதாயிருக்கும் என்பதைப் பார்த்தே வாங்கவேண்டும். கடைகளிலே தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று ஐந்து சென்ரிமீற்றர் அளவிலே விற்கப்படும் உறிஞ்சும் மீன் நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது. அதனைச் சிறு தொட்டிக்கு விற்பது விற்பவருக்கு இலாபம்; வாங்குபவருக்கு அது தீராத தலையிடி.

அடுத்தது சுபாவம். சுமத்திராப் புலிக்கெண்டை, மெல்ல அசையும் நீண்ட துடுப்பைக் கண்டால் கடித்துப் பார்க்காமல் விடாது. எட்டுப் பத்தாகச் சேர்த்து வளர்த்தால் அவை தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். இரண்டு மூன்றாக விட்டால் அயலாரைத் துன்புறுத்தும். சண்டை மீனில் ஆண்கள் இரண்டு ஒரு தொட்டியில் இருக்கமாட்டா. அதன் உறவான சொர்க்க மீன் குளிரைத் தாங்கும். 1869ஆம் ஆண்டிலே பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஐரோப்பாவில் வீட்டு மீன் வளர்ப்பு பரவ வழிகாட்டியது இம்மீனே. அழகிலே நிகரற்றது, ஆனால் ஆண் தன் எல்லைக்குள் வரும் எதனையும் தாக்கும், சிறு மீனை உண்டும் விடும். தலவாக்கலைக்கு ஏற்ற மீன்தான். தலவாக்கலையிலே தனித் தொட்டிக்கு ஏற்ற மீன்.

கூட்டமாய் வாழும் மீனை ஒற்றையாகவோ இரட்டையாகவோ வளர்ப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. வெண்முகில் மீன், வரிக்குதிரை மீன், கெண்டை ஆகியன ஆற்றிலே திரளாக நீந்தியே பகைவரினின்று தப்புபவை. ஆறுக்குக் குறைந்தால் அவை அஞ்சி மூலையில் ஒதுங்கும். அல்லது எரிச்சலுற்றுப் பிறவற்றைக் கடிக்கும். வகைக்கு ஒன்றாக ஆறு வகை வாங்குவதைவிட, ஒரே வகையில் ஆறு வாங்குவது மேல். பல நிறங்கள் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பர். ஒன்றாய்த் திரும்பி ஒன்றாய் மின்னும் ஒரு கூட்டத்தைக் கண்டபின் அப்பிடிவாதம் தானே தணிந்துவிடும். குட்டியீனும் மீன்களில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருத்தல் நலம். இல்லையேல் பெண்மீன் ஓயாத துரத்தலால் நலிந்துபோகும்.

தொட்டிக்குள் மேற்பரப்பு, நடு, அடித்தளம் என மூன்று குடியிருப்புகள் உள்ளன. வெவ்வேறு தளத்தில் வாழும் மீன்களைச் சேர்த்தால் நெருக்கமும் சண்டையும் குறையும். 54 லீற்றர் தொட்டியொன்றிலே மேலே உலாவும் வரிக்குதிரை மீன் ஆறு, நடுவே வெண்முகில் மீன் எட்டு, அடியிலே புள்ளிக் கவச மீன் நான்கு என்பது தலவாக்கலைக்கு நன்கு பொருந்தும் குடும்பம். நீரை வடிக்கும் கருவி ஒன்றும் வாராவாரம் நாலிலொரு பங்கு நீர்மாற்றமும் இருந்தால் இவை சூடாக்கும் கருவியின்றியே வாழும். கவச மீன் இருக்கும் தொட்டியிலே கூரிய உடைகல்லைப் பரப்பாது, மென்மணலையே பரப்புதல் வேண்டும். அதன் மீசை தேய்ந்துவிட்டால் அது உணவு தேட அறியாது.

எத்தனை மீன் விடலாம் என்பதற்கு, நீளத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. அது சிறு மீன்களுக்கே பொருந்தும். இரண்டரைச் சென்ரிமீற்றர் மீன்கள் பத்தின் மொத்த நீளமும், இருபத்தைந்து சென்ரிமீற்றர் மீன் ஒன்றின் நீளமும் ஒன்றே. ஆனால் நீளம் பத்து மடங்காகும்போது அகலமும் பருமனும் பத்துப் பத்து மடங்காகின்றன. எடை ஆயிரம் மடங்காகின்றது. எனவே அந்த ஒரு பெரிய மீன், சிறு மீன் பத்துக்கு அன்று, சிறு மீன் ஆயிரத்துக்கு ஒப்பானது. அளவுகோல் மட்டும் கையிலேந்தி மீன் வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

இலங்கையின் சொந்த மீன்களைப் பற்றிக் கூறாது விடுதல் முறையாகாது. உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளை அலங்கரிக்கும் செரிக் கெண்டை இத்தீவுக்கே உரியது. 1929ஆம் ஆண்டிலே தெரணியகல அதனை விவரித்தார். சிங்கள மக்கள் அதன் குருதிச் சிவப்பைக் கொண்டு லே தித்தியா என்பர். 1868ஆம் ஆண்டிலே விவரிக்கப்பட்ட கருமாணிக்கக் கெண்டையின் பெயர் இன்னும் சுவையானது. புலத் ஹபயா, அதாவது வெற்றிலை மெல்லுவோன். ஆண்மீனின் தலையிலே படரும் செம்மையைக் கண்ட கிராமத்தவரின் நகைச்சுவை அது. இவை களனி முதல் நில்வள வரையுள்ள ஆறுகளின் தாழ்ந்த, நிழல் அடர்ந்த ஓடைகளில் வாழ்வன. இயல்பிலே சாதுவானவை, ஒன்றோடொன்று சேர்ந்து வாழும், மெல்லிய நீரையே விரும்பும். இருபது பாகைக்கு மேல் நீர் வேண்டும் என்பது ஒன்றே மலைநாட்டிலே குறை. சூடாக்கும் கருவி வைத்துக்கொள்ள வசதியுள்ளோர் நியானையும் ஏஞ்சலையும் தேடி அலையாமல் இவற்றையே வளர்க்கலாம். இருபத்திரண்டு பாகை இவற்றுக்குப் போதும். ஆனால் ஓடையிலிருந்து வலைவீசிப் பிடித்தவற்றை வாங்குதல் கூடாது. காடு குறைந்து ஓடை கலங்கும் இந்நாளில் இவற்றின் இயற்கை வாழிடம் சுருங்கிவருகின்றது. பண்ணையிலே இனம்பெருக்கிய மீன்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவை தொட்டி வாழ்வுக்கும் பழகியவை.

மீனைக் குடியேற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அது கொடிய நஞ்சு. மணலிலும் வடிகருவியிலும் வளரும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வெப்பமான ஊரிலே இந்நுண்ணுயிர்கள் நான்கு முதல் ஆறு வாரங்களில் நிலைபெறும். பதினெட்டுப் பாகைக் குளிரிலே அவற்றின் வளர்ச்சி மெதுவானது. இரண்டு மாதமாயினும் பொறுத்தல் வேண்டும். ஆகவே தலவாக்கலையிலே புதுத்தொட்டியை ஒரே நாளில் நிரப்புதல் கொழும்பில் நிரப்புவதைவிட ஆபத்தானது. முதலிலே வரிக்குதிரை மீன்களை மட்டும் விடலாம்; அவை கடினமானவை. சில வாரம் சென்று வெண்முகில் மீனும், இறுதியிலே கவச மீனும் சேர்க்கலாம். எல்லை வகுத்துக்கொள்ளும் குணமுள்ள மீன் எதுவாயினும் அதனைக் கடைசியிலேயே விடவேண்டும். முதலில் வந்தால் தொட்டி முழுவதும் தனதென்று அது உரிமை கொண்டாடும்.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீனையும், வேண்டாத மீனையும் என் செய்வது என்பதும் தேர்வின் ஒரு பகுதியே. அணையின் நீர்த்தேக்கம் கண்ணெதிரே விரிந்து கிடக்க, அதிலே விட்டுவிட்டால் புண்ணியம் என்று கருதுவோர் உண்டு. வீட்டுத் தொட்டிகளுக்காக இறக்குமதியான கத்தி மீன் கொழும்பைச் சூழ்ந்த நீர்நிலைகளிற் பரவி, நாட்டு மீன்களை உண்டு வாழ்வதை இன்று காணலாம். உறிஞ்சும் மீனும் அவ்வாறே பரவியுள்ளது. கொத்மலை ஓயா மகாவலியோடு சேர்வது. தலவாக்கலையிலே விடப்படும் மீனின் சந்ததி நெடுந்தூரம் செல்லக்கூடும். ஏஞ்சல் போன்ற வெப்பநாட்டு மீன் இங்கே குளிரில் மடியும். தங்கமீனோ குளிரிலே மடியாது. ஆதலின் அதனை விடுவதே இங்கே அதிகம் அஞ்சத்தக்கது. கடைக்குத் திருப்பிக் கொடுத்தல், பெரிய தொட்டியுள்ள அயலவருக்கு அளித்தல், பாடசாலையின் மூடிய சீமெந்துத் தொட்டிக்கு வழங்குதல் ஆகியவையே வழிகள்.

புதிய மீன் வந்த நாளிலே அதனைத் தனியான சிறு தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பார்த்துப் பின் சேர்ப்பது நன்று. பையைக் கட்டவிழ்க்காமலே தொட்டி நீரின்மேல் அரைமணிநேரம் மிதக்கவிட்டு, பின் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, கடையின் நீர் தொட்டியிற் கலவாதபடி மீனை மட்டும் வலையால் எடுத்து விடவேண்டும். கொழும்பிலிருந்து வந்த மீனாயின் அரைமணிநேரம் போதாது. பத்துப் பாகை இறங்கவேண்டியிருப்பதால், அதனை முதலிலே வெதுவெதுப்பான நீரில் வைத்து நாளுக்கு இரண்டு பாகை வீதம் இறக்குதல் வேண்டும். இதைச் செய்ய இயலாதோர் கண்டியிலோ அற்றனிலோ, குளிர்ந்த நீரிலே ஏற்கெனவே சில வாரம் வைத்திருந்த மீனைக் கேட்டு வாங்கலாம். விளக்கை அணைத்து மாலைப்பொழுதிலே விட்டால் முன்பே உள்ள மீன்கள் புதியவற்றைத் துரத்துவது குறையும். அன்றிரவு தீனி இடலாகாது. மறுநாட் காலையில், வெயில் சற்று ஏறி நீர் வெதுவெதுத்த பின், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இடவேண்டும். நீர் பதினைந்து பாகைக்குக் கீழே இறங்கிய நாட்களில் அதிலும் பாதி போதும்.